எலுமிச்சை ஈயும் வாழை ஈயும்

குளிர்பெட்டியின் வயரைச் சுவரில் சொருகினார்கள். அடுத்த கணமே வீட்டிலிருந்த மின்விசிறிகள் மொத்தமாக நின்றுபோயின. கூடத்தில் மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சித்திரை கடைசி. சங்கரன்கோவில் வெயில் காலை பத்து மணிக்கே ஆளைச் சுருட்டிப் போடும். செத்தவரை நினைத்து அழுவதற்கும் கொஞ்சம் காற்று வேண்டித்தான் இருக்கிறது.

“ரெண்டாவது வாட்டி ப்யூஸ் போயிட்டு,” என்றார் பெட்டி கொண்டுவந்தவர். “வீட்ல வேற என்னமும் ஓடுதா? மோட்டார் கீட்டார்?”

பதில் தெரிந்தவள் யோகலட்சுமி ஒருத்திதான். செத்துக் கிடப்பவரின் மனைவி. கரண்ட் ஆபீஸில் பில் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுசைக் கழித்தவள். ஊரில் யார் வீட்டு வயர் எவ்வளவு தாங்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவாள்.

“கடைசி ரூம்ல ஏசி ஓடுது,” என்றாள்.

“யாரு இருக்கா உள்ள?”

“ஈ இருக்கு.”

அவர் தன் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். அவளையே பார்த்தார்.

“பழ ஈ. அழுகின பழத்துல பொடிசா மொய்க்கும்லா, அது. குப்பியில வளக்காவ. ஏசியை நிறுத்திட்டு உங்க பெட்டியைப் போடுங்க.”

சொன்ன குரலில் துக்கத்தைவிடத் திருப்திதான் அதிகமாக இருந்தது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? ஏசி நின்றது, பெட்டி ஓடியது, மின்விசிறிகள் சுற்றின, பெண்கள் விட்ட இடத்திலிருந்து மாரடித்தார்கள். யோகலட்சுமி மட்டும் அழவில்லை. காலையிலிருந்தே அழவில்லை. அதை எல்லாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செத்துக் கிடந்த வெள்ளத்துரை தனியார் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஒரு வருஷம் அந்தக் கல்லூரிக்காரர்கள் அவருடைய ஆய்வு அறையைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் போட்டு, கண்ணாடிக் கதவு மாட்டினார்கள். அவர் சண்டை போடவில்லை. சண்டை போடும் சுபாவம் இருந்திருந்தால்தான் பல காரியம் நடந்திருக்குமே. ஈக் குப்பிகளை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கடைசி அறையில் அடுக்கினார். அவற்றுக்கு இருபத்தைந்து டிகிரி வேண்டுமாம். ஏசி வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து ஈ குளுகுளுவென்று இருந்தது, கட்டிய பெண்டாட்டி கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் புரண்டாள். மும்முனைக் கரண்ட் இழுக்க வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்தபோது, அந்த மனு அவள் ஆபீஸிலேயே எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது. எழுப்ப வேண்டியவள் எழுப்பவில்லை.

குளிர் வெளியே கசியாமல் இருக்கத் தன் பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் வைத்திருப்பார். காலையில் கூடம் பெருக்கும்போது யோகலட்சுமி அதைக் காலால் எத்திவிடுவாள். தெரியாமல் பட்டது போல அல்ல, நன்றாகத் தெரியும்படிதான் எத்துவாள். அவர் வந்து ஒன்றும் பேசாமல் திரும்பச் சுருட்டி வைப்பார். கொஞ்ச காலமாக இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை என்பது ஏறக்குறைய அந்த வேட்டி மட்டும்தான்.

இன்று காலை காபியோடு போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. தள்ளினாள். சுருட்டிய வேட்டி உள்பக்கமாக இருந்து கதவைத் தடுத்தது. பிடிவாதத்தைப் பார் என்று ஓங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பூதக்கண்ணாடிக்கு மேல் குனிந்திருந்தார். அவள் காபியை மேசையில் வைத்துவிட்டு, “ஆறிரும்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, திரும்பவும் எட்டிப் பார்த்தபோது காபி அப்படியே இருந்தது. அவரும் அப்படியே இருந்தார். அப்போதுதான் தெரிந்தது. செத்துப்போன மனுஷனிடம் கடைசியாகச் சொன்ன சொல் ‘ஆறிரும்’ என்பதாகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சாவைக் கேட்டு முதலில் வந்தவர் என்று ஆறுமுகச்சாமியைச் சொல்ல முடியாது. அவர் சாவே தெரியாமல் வந்தார். வெள்ளத்துரைக்குச் சித்தப்பா மகன், வயதில் இளையவர். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. வாரத்துக்கு ஒருமுறை அழுகின எலுமிச்சையை ஒரு சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுவந்து போடுவார். இன்றும் சாக்கை வாசலில் இறக்கிவிட்டு, “அண்ணாச்சி இல்லையா மயினி?” என்று கேட்டார். அவள் உள்ளே கையைக் காட்டினாள்.

அப்புறம் அவர் உள்ளே வரவே இல்லை. எதிர் வீட்டுத் தகரப் பந்தலுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். சொந்த ஊரான ராயகிரியில் கிணற்றுத் தண்ணீர் முறை பற்றி ஒரு சண்டை வந்து, வெள்ளத்துரையின் அண்ணன் மாரிக்கண்ணனும் சித்தப்பா வீட்டாரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. பிள்ளைகளுக்குப் பெண் எடுப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும்கூட வேறு வேறு திசையில் என்றாகிவிட்டது. மாரிக்கண்ணன் கார் வந்து நின்றதும் ஆறுமுகச்சாமி இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் தள்ளி நின்றார். சாக்கு மட்டும் வாசலில் கிடந்து வெயிலுக்குப் புளித்த வாடை அடித்தது.

மாரிக்கண்ணன் வந்தவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், துண்டை வாயில் வைத்துக் கொஞ்சம் அழுதார், பிறகு போனை எடுத்துக்கொண்டு தடுமாற்றமில்லாமல் காரியத்தில் இறங்கிவிட்டார்.

“இசக்கிராஜா சென்னையில இருந்து ராத்திரி பொதிகை ரயில்ல ஏறுதான். விடியக்காலம் வந்து இறங்கிருவான். அவன்தானே கொள்ளி வைக்கணும். நான் மூத்தவன், தம்பிக்கு வைக்கப்படாது. நாளைக்குக் காலையில எடுப்போம்.”

இசக்கிராஜா அவருடைய மகன். சித்தப்பா செத்ததற்கு அவனுக்குச் சாயங்காலம்தான் லீவு கிடைத்ததாம்.

மாரிக்கண்ணனின் மனைவி சுந்தரம்மாள் வந்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. யோகலட்சுமியின் கழுத்தைக் கட்டி அழுத கையோடு கடைசி அறைக் கதவைத் திறந்து பார்த்தாள். “ஆத்தாடி, இவ்வளவு பெரிய ரூமா இது? இந்தக் குப்பை எல்லாத்தையும் நாளைக்கு வீடு கழுவும்போது அள்ளி வெளிய போட்டுருவோம் யோகம். இசக்கிக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, சித்தி சித்தின்னு உன் கூடவே வந்து இருந்துக்கிடுவான். நீ ஒத்தையில கெடக்க வேண்டாம் பாரு,” என்றாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

குப்பை என்று அந்த அறையை யோகலட்சுமியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அடுத்தவள் வாயிலிருந்து வந்தபோது ஏனோ பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

ஷிரின் பானு ஸ்கூட்டியை நிறுத்தின வேகத்தில் அது கீழே விழப்பார்த்தது. வெள்ளத்துரையிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வேலை செய்கிற பெண். இறங்கியவள் முதலில் கூடத்தைப் பார்க்கவில்லை, பக்கச் சுவரில் நிற்கும் ஏசியின் வெளிப்பெட்டியைப் பார்த்தாள். அதன் விசிறி சுற்றவில்லை. பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“மேடம், ஏசி ஏன் ஓடல?”

கேத வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. மாரடித்த பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள். ஷிரினுக்கு அதற்கு அப்புறம்தான் கண்ணாடிக்குள் இருந்த முகம் தெரிந்தது. கை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

“ஏசி போட்டா பெட்டி ஓடாது. பெட்டி ஓடுனா ஏசி ஓடாது,” என்றாள் யோகலட்சுமி. “பழைய வயரிங். ப்யூஸுக்குத் தடிக் கம்பி போட்டா வீடு எரியும். முகூர்த்த நாள், ஜெனரேட்டர் ஒண்ணும் கிடைக்கல. உங்க சார் உள்ள வச்சிருக்க ஈயை நீ வேணும்னா எடுத்துட்டுப் போயிரு.”

“எங்க மேடம் கொண்டு போவேன்? எங்க வீடு தகரக் கூரை. காலேஜ் லீவுல பூட்டிக் கெடக்கு. பக்கத்துல ஏசி இருக்க வீட்ல கேட்டாலும், செத்த வீட்டுச் சாமானை இன்னைக்கு உள்ள விட மாட்டோம்பாவ.”

“வெளிய திரியுத ஈ எல்லாம் வெயில்ல சாகாமத்தானே இருக்கு.”

“அது நெழல் தேடிப் போயிரும் மேடம். குப்பிக்குள்ள கெடக்கது எங்கன போவும்?” அவள் கடைசி அறைப் பக்கம் கையைக் காட்டினாள். “முப்பதுக்கு மேல சூடு போனா ஆண் ஈ மலடாயிரும். பொம்பளை ஈ நல்லாத்தான் இருக்கும், முட்டையும் போடும். ஆனா ஒண்ணும் பொரிக்காது. இன்னும் ஏறுச்சுன்னா எல்லாமே செத்துரும். இப்பவே முப்பத்திரெண்டு இருக்கும் மேடம் உள்ள.”

யோகலட்சுமி அந்தப் பெண்ணின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஏதாவது தெரிந்து பேசுகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. ஈயைப் பற்றித்தான் பேசுகிறாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதும் இதைத்தான். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குறை அவரிடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவருடைய அம்மா, “மலடிக்கு எதுக்கு அடிக்கடி திருநெல்வேலி?” என்று கேட்டாள். யோகலட்சுமி அவர் வாயைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. சீமந்த வீடுகளில் அவளைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள், ஆரத்தித் தட்டை அவள் கைக்கு வராமல் திருப்பிவிட்டார்கள், அவருக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று சுந்தரம்மாள் அவள் காதுபடவே பேசினாள். அப்போதெல்லாம் அவர் பூதக்கண்ணாடிக்கு மேல் குனிந்துகொண்டார். அவள் அவரை வெறுத்தாள். மனதறிந்துதான் வெறுத்தாள்.

ஒரே ஒரு முறை அவர் ஈயைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறார். புளியங்குடி எலுமிச்சைக் குவியலில் பிடித்த ஈ ஒரு வரிசை, சங்கரன்கோவில் வாழைக்காய் மண்டியில் பிடித்த ஈ ஒரு வரிசை. பிடித்தபோது இரண்டும் ஒரே இனம். ஒன்றுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சோறு, இன்னொன்றுக்கு வாழைப்பழச் சோறு என்று தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியாக வளர்த்தார். அப்புறம் ஒரு குப்பியில் சேர்த்துவிட்டுப் பார்த்தால், வாழை ஆண் ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் போகும், எலுமிச்சைப் பெண் காலால் உதைத்துத் தள்ளிவிடும். “முன்ன எல்லாம் சேர்ந்துச்சு யோகம். இப்ப முகம் கொடுக்க மாட்டேங்குது. இப்படித்தான் ஒரு இனம் ரெண்டாப் பிரியுது. இன்னும் ரெண்டு ஆகலை. ஆனா ஒண்ணாவும் இல்லை,” என்றார். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

“இதைக் கண்டுபிடிக்க ஈ எதுக்கு? நம்ம வீடு போதாதா?” என்று கேட்டாள் அவள். அவர் வெளிச்சம் அணைந்துபோனது. அதற்குப் பிறகு அவர் அவளிடம் ஈப் பேச்சு எடுக்கவில்லை.

“யாரு இந்தப் பிள்ளை?” மாரிக்கண்ணன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். “செத்த வீட்டுல வந்து ஏசியப் போடு, விசிறியப் போடுங்குது?”

“சார்ட்ட படிக்கேன் மாமா. பன்னெண்டு வருஷமா சார் காப்பாத்துன ஈ. அந்த வரிசை அத்துப்போச்சுன்னா திரும்பக் கிடைக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கக் கொஞ்சம் பெட்டியை நிறுத்தி—”

“எதை நிறுத்தி? என் தம்பியை நாறப் போட்டுட்டு உன் ஈக்குக் காத்து வீசச் சொல்லுதியா?” அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “ஆளு போனதுக்கு அழுகையக் காணும், ஈக்கு அழுகை வருது. கதவைச் சாத்திக்கிட்டு ஏசி ரூம்ல வாத்தியாரும் பிள்ளையும் ஈயைத்தான் வளத்தாவளோ, என்னமோ.”

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஷிரின் பானு முகம் வெளுத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். யோகலட்சுமிக்குக் காது சுட்டது. இதே பேச்சை ஒருநாள் கோபத்தில் அவளும் பேசியிருக்கிறாள். அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, “என்னைச் சொல்லு, அந்தப் பிள்ளையச் சொல்லாத,” என்றார்.

“அத்தான், கேதத்துக்கு வந்தா கேதத்தை மட்டும் பாருங்க,” என்றாள் யோகலட்சுமி.

மாரிக்கண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசியது, அதுவும் பத்துப் பேர் முன்னால்.

“நான் எதைப் பாக்கணும்னு நீ சொல்லாத. நீ உருப்படியா ஒண்ணு பெத்துப் போட்டிருந்தா இன்னைக்கு நாங்க எம் மவனுக்காக ராத்திரி முழுக்க காத்துக் கெடக்க வேண்டாம். உன் வயித்துல புழு பூச்சி இல்லாமப் போனதுக்குத்தான் எந் தம்பி ஈயை வளத்தான். அதையும் தெரிஞ்சுக்கோ.”

பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

யோகலட்சுமி எழுந்து நின்றாள். இருபது வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் இந்த ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார், சுந்தரம்மாள் ராயகிரி முழுக்கத் தலைகுனிந்து நடப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண் தானாகப் பெட்டிப் பக்கம் போனது. நாடிக்கட்டுக் கட்டிய முகம். கண்ணாடி மூடியில் நீர்த்துளி படிந்து, அவருடைய மூக்குக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது தன் வாயால் சொல்லாத மனுஷன். இப்போது அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு வலித்தது.

பிறகு கூடத்தைக் கடந்து, செருப்புக்கூட போடாமல், தெருவில் இறங்கினாள். தார் காலைச் சுட்டது. எதிர் வீட்டுத் தகரப் பந்தலின் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி,” என்றாள் ஆறுமுகச்சாமியிடம். “நீங்க உங்க அண்ணாச்சிக்குக் கொள்ளி வைப்பியளா?”

அவர் திகைத்தார். அவர் கண் அவளைத் தாண்டி மாரிக்கண்ணனிடம் போய்த் திரும்பியது.

“எனக்கு முறை இருக்கு மயினி. ஆனா அவுக...”

“அவுகளைக் கேக்கல. உங்களைக் கேக்கேன். இன்னைக்குச் சாயங்காலமே எடுக்கணும்.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “வைக்கேன் மயினி.”

மாரிக்கண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “யோகம், நீ தெரிஞ்சுதான் செய்யுதியா? அவன் வீட்டோட நமக்குத் தண்ணி புழக்கம் கெடையாது.”

“உங்களுக்குக் கெடையாது. உங்க தம்பிக்கு வாராவாரம் உண்டு. அந்தா கெடக்கு பாருங்க சாக்கு.”

“அவன் கொள்ளி வச்சா எங்க ஆளு ஒருத்தன் சுடுகாட்டுக்கு வர மாட்டான். நாளைக்கு நீ படுத்துக் கெடந்தா ராயகிரியில இருந்து ஒரு நாய் எட்டிப் பாக்காது. புருசனைப் பொணமாப் போட்டுட்டு ஈக்குக் காத்து கேக்கவளுக்கு வேற யாரும் சனம் இல்ல. யோசிச்சுக்கோ.”

அவள் யோசித்தாள். ஐம்பது வயதுக்கு மேல், பிள்ளையில்லாதவள், தெருவில் வெறுங்காலோடு நிற்பவள் யோசிக்க வேண்டியதை எல்லாம் யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது.

“அந்த ஈயை வைததும் நான், அதோட ஒரே வீட்டுல கெடந்ததும் நான்,” என்றாள். “நான் வையலாம் அத்தான். நீங்க வையக்கூடாது. எட்டிப் பாக்க வேண்டாம், போங்க.”

உள்ளே வந்து, பெட்டிக்காரரை விலக்கிவிட்டு, தானே குனிந்து வயரைப் பிடுங்கினாள். கடைசி அறைக்குப் போய் ஏசியைப் போட்டாள். பக்கச் சுவரில் வெளிப்பெட்டி ஒரு முறை குலுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

“ஐஸ் பார் வாங்கியாந்து சுத்தி அடுக்குங்க,” என்றாள். “நாலு மணிக்கு எடுத்துருவோம்.”

ராயகிரிக் கார்கள் கிளம்பிப் போனதைத் தெருவே நின்று பார்த்தது. இழவுக்கு வந்தவள் தாலி அறுப்பாளா என்பார்கள். சுந்தரம்மாள் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள், நேரம் கிடைக்கவில்லை. போகும்போது, “கல்லு நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாரு,” என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள்.

கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். கல்லூரியிலிருந்து நாலைந்து வாத்தியார்கள், எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து சுமை தூக்குகிறவர்கள். குளிப்பாட்டும் தண்ணீருக்கு நீர்மாலை எடுத்தபோது வெள்ளைத் துணியின் நாலு முனையைப் பிடிக்கவே ஆள் தேடினார்கள். ஆறுமுகச்சாமி தலையும் மீசையும் மழித்துக்கொண்டு வந்து நின்றபோது கொஞ்சம் வெள்ளத்துரையின் சாயல் தெரிந்தது. இத்தனை நாள் மீசைக்குள் ஒளிந்திருந்ததோ என்னவோ. யோகலட்சுமி அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். தெருமுனை வரை போய் நின்றாள். கூட்டம் சின்னதாக இருந்ததால் சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மிச்சமிருந்த மூன்று நாலு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். நேற்று வடித்த சோற்றையும் குழம்பையும் கொட்டினார்கள். ஒருத்தி வாளியும் விளக்குமாறுமாகக் கடைசி அறைப் பக்கம் போனாள்.

“அங்கன வேண்டாம் பெரியம்மை. தண்ணி ஊத்தாதீங்க,” என்றாள் யோகலட்சுமி.

உள்ளே ஷிரின் பானு ஒவ்வொரு குப்பியாக விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மை பூசிய பஞ்சு எலுமிச்சை, பச்சை மை பூசிய பஞ்சு வாழை. கண் சிவந்து வீங்கியிருந்தது. எப்போது அழுதாள் என்று தெரியவில்லை.

“எப்படி இருக்கு?”

“மேல் தட்டுல கொஞ்சம் செத்துட்டு மேடம். கீழ்த் தட்டு நல்லாருக்கு. ரெண்டு வரிசையும் தப்பிச்சிட்டு.” தயங்கினாள். “ஆனா இன்னைக்கு சாப்பாடு மாத்துத நாள். சார் மாவு எல்லாம் எடுத்து வச்சுட்டுத்தான்... நான் எங்க வீட்ல காய்ச்சிக் கொண்டாந்துருதேன்.”

மேசை மேல் மக்காச்சோள மாவும் வெல்லமும் கடல்பாசியும் தனித்தனிக் கிண்ணத்தில் மூடியிருந்தன. பக்கத்தில் பாயசச் சட்டி. யோகலட்சுமியின் அம்மா சீராகக் கொடுத்தது. ஈக்குச் சோறு காய்ச்ச அவர் அதை எடுத்துப் போனபோது அவள் வீட்டை இரண்டாக்கினாள். சட்டிக்கு அருகே காலையில் வைத்த காபி ஆடை கட்டியிருந்தது.

காபியை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். சட்டியையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?” பெரியம்மை பதறினாள். “பொணம் போன வீட்ல அடுப்பு பத்த வைக்கப்படாது. சாம்பல் அள்ளிக் காடாத்துற வரைக்கும் ஆகாது.”

“நமக்கு இல்ல பெரியம்மை. நமக்குக் கடையில வாங்கிக்கிடுவோம்.”

தீப்பெட்டியைக் கிழித்தாள். வெல்லம் கரைந்து நுரை கட்டி வந்தது. மாவைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளறினாள். கேத வீடு முழுக்கப் பாயச வாசனை பரவியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் சாக்கைப் பிரித்து, ரொம்ப அழுகாத எலுமிச்சையாகப் பார்த்து ஷிரின் பிழிந்தாள். சட்டியில் பாதியை ஒரு பாத்திரத்தில் ஊற்றிச் சாறு கலந்தார்கள். மீதியில் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டார்கள்.

“ரெண்டு கரண்டியும் தனித்தனியா வைங்க மேடம். ஒண்ணோட ஒண்ணு சேரப்படாது,” என்றாள் ஷிரின்.

“தெரியும்,” என்றாள் யோகலட்சுமி.

குப்பிகள் நிறைந்தன. இருட்டுவதற்குள் ஷிரின் கிளம்ப வேண்டியிருந்தது. நாளை விடிந்ததும் வருவதாகச் சொன்னாள். ஸ்கூட்டிச் சத்தம் தேய்ந்ததும் யோகலட்சுமி சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாள். அடி கருத்திருந்ததில் பாதிதான் போயிற்று. துடைத்து, அடுக்களை அலமாரியில் அதன் பழைய இடத்தில் வைக்கக் கையைத் தூக்கினாள். அந்த இடத்தில் வேறு ஏதோ டப்பா உட்கார்ந்திருந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போய், மேசையில் அவர் கவிழ்த்து வைக்கும் இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

நாற்காலியில் உட்காரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவடியிலிருந்து குளிர் அவள் கால் விரல்களில் பட்டது. காலையில் அவள் ஓங்கித் தள்ளியதில் சுருள் பிரிந்த அந்தப் பழைய வேட்டி, உடலைத் தூக்கி வந்தவர்கள் காலில் இழுபட்டு வெளியே கூடத்துச் சுவரோரம் கிடந்தது. வருகிறவர் போகிறவர் மிதித்து மிதித்து அழுக்காகியிருந்தது. அதை எடுத்து உதறினாள். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மறுபடியும் இறுக்கமாகச் சுருட்டி, தரையில் மண்டியிட்டு, கதவடி இடுக்கு முழுக்க அடையும்படி வைத்து, கையால் அழுத்தினாள்.